வங்கியாளர் நிதியமைச்சரானால் வணிகருக்கு என்ன கிடைக்கும்?

நிதித்துறைக்கு நிதி தெரிந்தவர் வரவேண்டும் என்பது வணிகப் பெருமக்கள் கூடும் இடங்களில் எல்லாம் கேட்கும் பேச்சு. "வங்கியில் கோடிகளைப் புரட்டியவர் அமைச்சரானால் வரிச் சுமை குறையும், வியாபாரம் தழைக்கும்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதைத் தராசில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்கே கிடைத்தது. ஆகவே வெறும் பேச்சாக அல்லாமல் நடந்ததை வைத்தே பார்ப்போம்.

2021 மே 7-ஆம் நாள் தமிழக நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற பழனிவேல் தியாகராஜன் அவர்களின் வழி மற்ற அரசியல்வாதிகளின் வழியைப் போன்றதன்று. திருச்சியை அடுத்த துவாக்குடியில் அன்று மண்டலப் பொறியியல் கல்லூரியாக இருந்த நிறுவனத்தில் பொறியியல் படித்தார். அமெரிக்காவில் முனைவர் பட்டமும் நிர்வாகவியல் பட்டமும் பெற்றார். 2001 முதல் நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் நிறுவனத்திலும், 2008 முதல் 2014 வரை சிங்கப்பூரில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியிலும் உயர்பொறுப்பில் இருந்தார். பிறகு ஊர் திரும்பி 2016-இல் மதுரை மத்தியத் தொகுதியில் வென்றார்.

வங்கி அனுபவம் மட்டுமே அவரைக் கோட்டைக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பாட்டனார் பி.டி.ராஜன் 1936-இல் சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்தவர். தந்தையார் பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். 2006-இல் அமைச்சரான சில நாட்களிலேயே காலமானார். குடும்பப் பெயரும் கட்சியும் கதவைத் திறந்தன, வங்கிப் படிப்பு உள்ளே நாற்காலியைத் தந்தது என்பதே பொருத்தம். வங்கி வேலை மட்டுமே கோட்டைக் கதவைத் திறந்துவிடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

அவர் வேலை பார்த்த லேமன் பிரதர்ஸின் பூர்வீகம் நமக்கு ருசிகரமானது. 1844-இல் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போன ஹென்றி லேமன் என்பவர் மாண்ட்கோமரி ஊரில் துணிமணியும் சில்லறைச் சாமான்களும் விற்கும் ஒரு கடை வைத்தார். தம்பிமார் இருவர் வந்து சேர, 1850-இல் கடை 'லேமன் சகோதரர்கள்' ஆயிற்று. கையில் காசில்லாத விவசாயிகளிடம் சரக்குக்குப் பதிலாகப் பருத்தியை வாங்கிக்கொண்டார்கள். பருத்தி வியாபாரம் பெருகி, தரகாகி, கடைசியில் வங்கியாயிற்று. அறுவடைக்கு நெல் தருகிறேன் என்று சொல்பவருக்கு அரிசி பருப்பு அளந்து கொடுத்த நம் முன்னோர் கதைதான் இது.

இதைக் கேட்டு நம் மாவட்டத்தார் வியப்படைய மாட்டார்கள். ராயவரம், விராச்சிலை போன்ற ஊர்களின் நகரத்தார் பெருமக்கள் வியாபாரத்திலிருந்து வட்டித் தொழிலுக்கும், அதிலிருந்து பர்மா, மலேயா வரை லேவாதேவிக்கும் போனவர்கள். அந்தச் சமூகத்தின் பங்களிப்போடுதான் 1907-இல் இந்தியன் வங்கியும், 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் பிறந்தன. வங்கி என்பது கடையின் பேரப்பிள்ளை. ஆனால் பேரப்பிள்ளை பெரியவனானதும் தாத்தாவின் கல்லாப்பெட்டியை மறந்துவிடுகிறானா என்பதுதான் நம் கேள்வி.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். பதவியேற்ற மூன்று மாதத்தில், 2021 ஆகஸ்ட் 9-ஆம் நாள், மாநிலத்தின் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2001-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளை அறிக்கை அது. மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று அதில் சொன்னார். எதிர்க்கட்சிகள் குறை கூறின. அது அவர்கள் வேலை. ஆனால் கடையை ஏற்று நடத்தப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது எது? இருப்பு எடுப்பது, நிற்கும் பாக்கியை எழுதுவது, கொடுக்க வேண்டியதைக் கூட்டுவது. புதுக்கணக்குப் போடும் நாளில் நாம் செய்வதை அரசாங்கத்தில் ஒருவர் செய்தார். முன்னாளில் நடத்தியவரைக் குறை சொல்லத்தான் அது என்று வைத்துக்கொண்டாலும், எண்கள் வெளியே வந்தது நல்லதே.

2023 மார்ச் மாத வரவு செலவுத் திட்ட உரையில், தாம் பொறுப்பேற்றபோது ஏறத்தாழ 62,000 கோடி ரூபாயாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை ஏறத்தாழ 30,000 கோடியாகக் குறைந்துவிட்டது என்று அறிவித்தார். அதே உரையில்தான் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் என்றும், அதற்கு 7,000 கோடி ஒதுக்கப்படும் என்றும் சொன்னார். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று ஆய்வாளர்கள் அறிக்கை எழுதட்டும். அது வரவானதும் பருப்பும் எண்ணெயும் சோப்பும் வாங்க நம் கடைப் படி ஏறி வந்தது என்பதும், சில வீடுகளின் பழைய பற்று தீர்ந்தது என்பதும் கல்லாவில் உட்கார்ந்த எல்லோரும் அறிந்ததே.

இனி மறுபக்கம். 2021 ஆகஸ்ட் 13-ஆம் நாள் திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று கணக்கும் சொன்னார். இரு சக்கர வாகனத்தில் போகும் உழைப்பாளிக்குப் பயன் என்பது அவர் தரப்பு. தேர்தல் அறிக்கையில் டீசலுக்கும் சொல்லியிருந்த வரிக் குறைப்பு அன்று வரவில்லை. வங்கியாளர் சிந்தனையில் இது பிழையன்று: சலுகை யாருக்குப் போகிறது என்று திட்டமாகத் தெரிந்தால்தான் பணம் கொடுக்க வேண்டும். டீசல் சலுகை கார்க்காரருக்கும் போகும், லாரிக்காரருக்கும் போகும், ஆகவே வேண்டாம்.

ஆனால் அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் கந்தர்வகோட்டைக்கும் சரக்கு பெட்ரோலில் வருவதில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் மூட்டை ஏறும் வண்டி டீசலில் ஓடுகிறது. லாரி வாடகை ஏறினால் அது உளுந்து மேலும் மல்லி மேலும் ஏறும். கடைசியில் அந்த இரு சக்கர வாகன உழைப்பாளிதான் அதையும் கொடுக்கிறார். பெட்ரோலில் கிடைத்த மூன்று ரூபாயை மளிகைச் சிட்டையில் விட்டுவிட்டுப் போகிறார். பேரேட்டைப் பார்த்தால் இது தெரியாது. இறக்குக்கூலி கொடுக்கிறவனுக்குத் தெரியும்.

அடுத்தது அரிசிச் சிப்பம். 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய 47-ஆவது ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்தின் பரிந்துரைப்படி, 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு முன் பதிவு பெற்ற பிராண்டுக்கு மட்டுமே அந்த வரி. நாடெங்கும் வணிகர் எதிர்த்தோம். தமிழ்நாடு உட்பட எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்ட முடிவுதான் இது என்று மத்திய நிதியமைச்சர் பிறகு விளக்கம் தந்தார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் நிதிக் கணக்கு ஒரு வங்கியாளர் கையில்தான் இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

விளைந்தது என்ன? ஆலைகள் 26 கிலோ மூட்டை போட்டன. 25-க்கு வரி உண்டு, 26-க்கு இல்லை. முதுகில் சுமந்து வீட்டுக்குப் போகும் கிழவிக்கு ஒரு கிலோ பாரம் கூடிற்று, அவ்வளவுதான். மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுத்தால் வரியில்லை என்றார்கள். மாலைக் கூட்டத்துக்கு முன் காலையிலேயே கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி வைக்கும் பழக்கம் நம் கடைகளில் பாட்டன் காலத்தது. அந்தப் பொட்டலம் 'முன்கூட்டி அடைத்தது' ஆகுமா ஆகாதா என்று ஆடிட்டரைக் கேட்டால் அவர் ஒன்று சொன்னார். இன்னொரு ஆடிட்டர் வேறு சொன்னார். சட்டம் எழுதும் மேசையில் மளிகைக்கடை நடத்திய ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி அன்றே எழுந்திருக்கும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே 28-ஆம் நாள் நடந்த 43-ஆவது மன்றக் கூட்டத்தில், தம் முதல் கூட்டத்திலேயே, சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஒரே எடையுள்ள வாக்கு என்ற முறையை அவர் துணிந்து கேள்வி கேட்டார். நியாயமான வழக்கு. ஆனால் மாநிலங்களின் பங்குக்காக வாதாடிய அந்தக் குரல், மாநிலத்துக்குள் இருக்கும் கடைக்காரன் பங்குக்கும் எழுந்திருக்கலாம் என்பதே நம் ஆதங்கம்.

எல்லாவற்றையும் விட நம்மை நோகச் செய்வது இன்புட் விவகாரம். வெளியூர் மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கி, பில்லில் உள்ள வரியையும் சேர்த்து வங்கி மூலமாகவே பணம் கொடுக்கிறோம். அவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து, அது நம் 2பி பட்டியலில் தெரிந்தால்தான் நமக்கு இன்புட் உண்டு என்பது 2022 ஜனவரி முதல் கண்டிப்பான விதி. அவர் வரியைக் கட்டாமல் போனாலும், அவர் பதிவு பின்தேதியிட்டு ரத்தானாலும், நோட்டீசு வருவது நமக்கு. ஒரே வரியை இரண்டு தரம் கட்டு என்கிறார்கள், வட்டியோடு.

இதை ஒரு வங்கியாளரிடம் அவர் மொழியில் கேட்போம். உங்கள் வங்கியில் ஒருவர் கடன் வாங்கித் திருப்பவில்லை. அதே வங்கியில் பணம் போட்ட வேறொருவரிடம், "அவருக்கு நீங்கள் ஒரு முறை செக் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே அவர் பாக்கியை உங்கள் கணக்கில் கழிக்கிறோம்" என்று சொல்வீர்களா? சொன்னால் வங்கி நடக்குமா? ஏய்ப்பவரைப் பிடிக்கும் ஆள்பலமும் கணினியும் அதிகாரமும் அரசிடம் இருக்கின்றன. கீரனூரில் கடை வைத்திருப்பவரிடம் இருப்பது ஒரு செல்போன். இடரைத் தாங்கும் சக்தி யாருக்கு உண்டோ அவர் தலையில் இடரை வைப்பதுதான் வங்கித் தொழிலின் பாலபாடம். இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

பணம் கணக்கில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்பதை லேமனில் இருந்தவர்கள் போல் அறிந்தவர் இல்லை. 2008 செப்டம்பர் 15-இல் அந்த நிறுவனம் விழுந்தபோது அதன் ஏட்டில் 60,000 கோடி டாலருக்கு மேல் சொத்து இருந்தது. அன்றைய கடனுக்குக் கொடுக்கப் பணம் புரளவில்லை. நம் கடைகளிலும் சிறிய அளவில் அதே நோய் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. வரி குறைந்தது மகிழ்ச்சியே, நாமும் கேட்டதுதான். ஆனால் 18 கொடுத்து வாங்கிய சரக்கை 5-க்கு விற்றோம். மீதி 13 இன்புட்டாக ஏட்டில் நின்றது. அதை வேறு விற்பனையின் வரியில் மெல்ல மெல்லக் கழித்துக்கொள்ளலாமே தவிர, பணமாகத் திருப்பித் தருவதில்லை. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வரி எழுத்து. வாரக் கடைசியில் ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டிய சில்லறைக் கடைக்கு அது முதல்.

இங்கே வணிகர்கள் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் அன்று நிதித்துறை ஓர் அமைச்சரிடமும், வணிகவரித்துறை வேறோர் அமைச்சரிடமும் இருந்தன. கணக்குப் போடுபவர் ஒருவர், வசூலிப்பவர் இன்னொருவர். ஆகவே நிதியமைச்சர் எவ்வளவு படித்தவரானாலும், நம் வாசலில் வந்து நிற்கும் அதிகாரி அவருக்குக் கீழே இல்லை. பழைய விற்பனை வரி, மதிப்புக்கூட்டு வரி பாக்கியில் 50,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றை அடியோடு தள்ளுபடி செய்த சமாதானத் திட்டம் 2023 அக்டோபரில் வந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2023 மே 11-இல், பழனிவேல் தியாகராஜன் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டிருந்தார்.

இரண்டே ஆண்டுகள்! வெளிநாட்டிலும் இது நடக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராக இருந்து புகழ் பெற்ற மரியோ திராகி 2021 பிப்ரவரியில் இத்தாலியின் பிரதமரானார். தூக்கிப் பிடித்த கட்சிகள் கையை விட்டதும் 2022 அக்டோபரில் வீட்டுக்குப் போனார். கனடாவின் மார்க் கார்னி கோல்ட்மன் சாக்ஸில் தொடங்கி, கனடா, இங்கிலாந்து ஆகிய இரு நாட்டு மத்திய வங்கிகளுக்கும் ஆளுநராக இருந்தவர். அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காமலே 2025 மார்ச்சில் பிரதமரானார். பதவியேற்ற அன்றே அவர் செய்தது, பொதுமக்கள் எரிபொருளுக்குக் கட்டிவந்த கார்பன் வரியை நீக்க உத்தரவிட்டது. அந்த வரிக் கொள்கையை ஆதரித்துப் பேசிவந்தவர் அவர். வாக்காளரின் பெட்ரோல் டேங்க் எந்த வங்கியாளரையும் வளைத்துவிடும் போலும். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த மன்மோகன் சிங்கோ 1991 முதல் ஐந்து ஆண்டுகள் நிதியமைச்சராகவும், 2004 முதல் பத்து ஆண்டுகள் பிரதமராகவும் நீடித்தார்.

"அப்படியானால் வங்கியாளர் வேண்டாம், வியாபாரியே வரட்டும்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. அதையும் பார்த்தாயிற்று. சென்னையில் சோப்பு முதலிய சாமான்களுக்கு ஏஜென்சி எடுத்து விற்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1956-இல் மத்திய நிதியமைச்சரானார். மறு ஆண்டே சொத்து வரியும், செலவு செய்வதற்கே ஒரு வரியும் கொண்டுவந்தார். நம்மவர் வந்தால் நமக்கு நல்லது நடக்கும் என்பது கல்யாண வீட்டுப் பேச்சு.

நமக்கு நல்லது செய்த கணக்காளர் ஒருவரை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. 1878-இல் சேஷையா சாஸ்திரியார் புதுக்கோட்டை சமஸ்தான நிர்வாகத்துக்கு வந்தபோது அரண்மனை கடனில் இருந்தது. அவர் வங்கியாளர் அல்லர். வருவாய்த்துறையில் வளர்ந்து திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். கடனை அடைத்தார். விளைச்சலில் பங்கு பிரிக்கும் அமானி முறையை ஒழித்தார். அதோடு நிற்காமல் குளங்களைச் சீர்படுத்தினார், ஊரையும் சீரமைத்தார்.  1894 வரை, பதினாறு ஆண்டுகள் இருந்தார். ஏட்டை நேராக்கியவரே ஊரையும் சீராக்கினார்; அதற்கு வேண்டிய காலமும் அவருக்குக் கிடைத்தது.

இன்றைய மக்களாட்சியில் யாருக்கும் பதினாறு ஆண்டு எளிதில் கிடைக்காது. இரண்டு ஆண்டு இருக்கும் அமைச்சருக்கு நம் கடைவீதியை யார் காட்டுவது? அமைச்சர் மாவட்டத்துக்கு வந்தால் வணிக அமைப்புகள் சால்வை போர்த்துகின்றன, "வரியைக் குறைக்க வேண்டும்" என்று மனு கொடுக்கின்றன. ஒரு வங்கியாளர் அப்படிப்பட்ட மனுவைப் படிக்க மாட்டார். படித்தாலும் அவருக்கு அதில் ஒன்றும் அகப்படாது. அவருக்கு எண் வேண்டும். எத்தனை கடை, எத்தனை ரூபாய், எத்தனை மாதம். வங்கியிலிருந்து வருகிறவரிடம் நமக்கு உள்ள பெரிய வசதியே அதுதான். சாதி, கட்சி, சிபாரிசு இல்லாமல், கணக்கு சரியாக இருந்தால் அவர் வாயை அடைக்க அது போதும்.

ஆகவே நமது சங்க உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்வது இது. மூன்று தொகைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். விற்றவர் தாக்கல் செய்யாததால் கடந்த ஓராண்டில் உங்களுக்கு நின்றுபோன இன்புட் எவ்வளவு. வரி குறைந்தபோது இருப்பில் இருந்த பழைய சரக்கால் ஏட்டில் முடங்கியது எவ்வளவு. ஒரு மூட்டைக்கு லாரி வாடகையும் இறக்குக்கூலியும் சேர்த்து எவ்வளவு. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, இலுப்பூர், பொன்னமராவதி என்று ஊர்வாரியாகக் கூட்டி, யார் நிதியமைச்சராக இருந்தாலும் அவர் மேசையில் வைக்க வேண்டும் என்பது நமது கருத்து. சீட்டில் கடையின் பெயர் வேண்டியதில்லை. ஊரும் தொகையும் இருந்தால் போதும்.